கெண்டி எந்தக் கையில்

பர்ர்ர் என்று ஒரு சத்தம். எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர், மெஷினுக்குள் வைப்பதற்கு முன் ஒரு புதுத் தாள்கட்டைக் கட்டைவிரலால் விசிறிவிட்டார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தினமும் அவர் செய்கிற காரியம். நகலை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறைக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டேன். தெருவில் வெயில். எங்கள் ஊர் வெயில் உச்சந்தலையில் இறங்கும். அந்த ஊர் வெயில் கீழிருந்து, கண்ணாடிச் சுவர்களிலிருந்து, நிறுத்திவைத்த கார்களின் முதுகிலிருந்து ஏறி வரும். நடக்க நடக்க எனக்கு அந்த வெயில்தான் அடித்தது.

பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்சந்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. ஜன்னல்களில் கறுப்புத் துணி. உள்ளே வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் அடியில் விளக்கெரியும் ஒரு கண்ணாடிச் சதுரம். கையால் வரைந்து கார்ட்டூன் செய்கிற ஸ்டுடியோ அது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கை எவ்வளவு நகர்ந்திருக்கிறது, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க, தாள்களை விரலிடுக்கில் கோத்து விசிறுவோம். விசிறினால் மனிதன் எழுந்து நடப்பான். நாள் முழுதும் அந்த அறையில் அந்தச் சத்தம்தான். ஏசி சத்தத்துக்கு மேலே, கீழே கடையில் பேரம் பேசும் சத்தத்துக்கு மேலே.

எல்லாரிலும் நன்றாக விசிறியவர் ஒரு ஜப்பானியக் கிழவர். இடக்கைக்காரர். அவர் விசிறினால் தாள் மறுபக்கமாக விழும். சத்தமும் கொஞ்சம் மாறி, புறா ஒன்று எழும்பிப் போகிற மாதிரி கேட்கும்.

அவர் நாட்டில் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், வாரம் ஒரு கதையென்று கார்ட்டூன் வரைந்து கொடுத்துவிடலாம் என்று துணிந்த முதல் சிலரில் அவர் ஒருவர். பொதுக் குளியல் கூடம் ஒன்றின் மாடியில், கீழிருந்து நீராவி ஏறித் தாளெல்லாம் சுருண்டுபோகிற அறையில், நாலைந்து பேரோடு ஸ்டுடியோ தொடங்கினாராம். வாரம் ஒரு கதைக்கு வேண்டிய படங்களை வரைய ஆள் போதாது. அதனால் ஒரு வழி பிடித்தார். அசைய வேண்டியதை மட்டும் அசைப்பது. முகத்தை நிறுத்திவிட்டு இமையை மட்டும் மூடித் திறப்பது. கடலை நிறுத்திவிட்டுப் படகின் கயிற்றை மட்டும் ஆடவிடுவது. மீதியைப் பார்க்கிறவன் அசைத்துக்கொள்வான் என்பார், உடைந்த இங்கிலீஷில். அந்த ஸ்டுடியோ பிறகு மூடிப்போனது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எழுபதைத் தாண்டிய அவரைத் தேடிப் பிடித்து துபாய்க்குக் கூட்டிவந்தவர் எங்கள் கஃபீல். கஃபீல் என்றால் நமக்கு விசா கொடுப்பவர், வேலை கொடுப்பவர், இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியவர். நாற்பதை ஒட்டிய வயது, மெல்லிய குரல். சிறு வயதில் அரபிக் குரல் கொடுத்து ஒளிபரப்பிய ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்தவர். அவற்றில் ஒன்று கிழவருடையது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து செருப்பைக் கழற்றாமல் டிவி முன் உட்காருவேன் என்று எங்களிடம் ஒரு முறை சொன்னார். கிழவரை ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிடுவார், ஆசானே என்பது போல.

ரமலான் மாதத்தில் ஒளிபரப்ப, அந்தக் கடற்கரையின் பழைய முத்துக்குளிப்புக் கதைகளைப் படமாக்குவதுதான் எங்கள் வேலை. முதல் கதையை மட்டும் முழுதாக முடித்து கஃபீலுக்குக் காட்ட வேண்டும். பிடித்தால் டிவிக்காரர்களிடம் கொண்டுபோவார். ஆர்டர் வந்தால் மாதம் முழுவதுக்குமான கதைகளை நாங்கள் வரைவோம். வராவிட்டால் கலாஸ், எல்லாம் முடிந்தது.

கலாஸ் என்றால் யார் தலையில் விழும் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு அசைவுக்கு நடுவே வரும் இடைப்படங்கள் வரைந்த பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு மணிலாவில் இதே வேலை இருந்தது. கிழவரின் கரட்டு ஓவியங்களின் மேல் சுத்தமான கோடு போடுகிற எனக்கு, ஓமானில், சோஹார் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர் இருந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். என் பக்கத்து மேசைக்காரருக்குத்தான் போக இடமில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். பின்னணி ஓவியங்கள் தீட்டுவதும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்றுசேர்ப்பதும் அவர் வேலை. நான் அண்ணா என்பேன், அவர் தங்கச்சி என்பார். அவர் ஊருக்குப் போகிற பாதை போரில் மூடிக் கிடந்தது. மனைவியும் மகளும் எப்படியோ கப்பலில் இடம் பிடித்துக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். லொட்ஜுகளில் தங்கும் தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பேச்சு. அவருடைய விசா அந்தக் கோடையோடு முடிகிறது. ஆர்டர் வந்தால் கஃபீல் புதுப்பித்துத் தருவார், அந்த விசாவில் அவர்கள் இருவரையும் இங்கே எடுத்துவிடலாம். வராவிட்டால் இவரே அங்கே போக வேண்டும்.

“போய் என்ன செய்யிறது தங்கச்சி? நான் போகாட்டில் அவையள் ரெண்டு பேர் பயப்படுவினம். நானும் போனால் மூண்டு பேர் பயப்படுவம். அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு முடிவதற்குள் திரையின் பக்கம் திரும்பிவிடுவார்.

கதை இதுதான். முத்துக்குளிக்கப் போன படகு, போனவர்களில் ஒருவன் இல்லாமல் திரும்புகிறது. படகுத் தலைவன், இறந்தவனின் தகப்பன் வீட்டுக்கு வருகிறான். வாசலில் நிற்கிறான், வாய் திறக்க முடியவில்லை. தகப்பன் எதுவும் கேட்கவில்லை. எழுந்து, கெண்டியை எடுத்து, கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றி நீட்டுகிறான். தலைவன் வாங்கிக் குடிக்கிறான். அங்கே முடிகிறது. மூக்கு நீண்ட அந்தப் பித்தளைக் கெண்டியை அவர்கள் தல்லா என்பார்கள். முழுக் கதையும் அந்தக் கோப்பையில் இருந்தது. நீட்டினால் மன்னித்துவிட்டான் என்று அர்த்தம். அந்த ஒரு காட்சியைத் தவிர வேறு எதைப் பற்றியும் கிழவர் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடி முன்னால் நின்று, தண்ணீர் பாட்டிலைக் கெண்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப ஊற்றி ஊற்றி நடித்துப் பார்த்து வரைந்தார். தரை நனைந்துகொண்டே இருந்தது.

அவர் வரைந்து கொடுத்த படங்களில் கெண்டி தகப்பனின் இடக்கையில் இருந்தது.

அண்ணாதான் முதலில் கவனித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாத்தனீங்களே? கிழவர் தன்ர கையை வரைஞ்சு வச்சிருக்கிறார். பீச்சாங்கையால ஊத்துறார்.”

எனக்கும் அது தப்பாகவே பட்டது. நம் வீடுகளில் ஒரு சொம்புத் தண்ணீரை இடக்கையால் சாய்த்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். துக்க வீட்டில், அதுவும் இப்படி ஒரு நேரத்தில்?

“சொல்லிடலாமாண்ணா?”

“வேண்டாம்.” குரலைத் தாழ்த்தினார். “மனிசன் போன மாசம் சொன்னவர் தெரியுமே. பள்ளிக்கூடத்தில இடக்கையால எழுதினால் வாத்தி விரல்ல அடிப்பாராம். எழுத மட்டும் வலக்கையைப் பழகிக்கொண்டாராம். இப்ப இந்த வயசில போய், ஐயா நீர் கையை மாத்திப் போட்டீர் எண்டு சொன்னால் என்ன பாடுபடும் அந்த மனம்? விடுங்கோ. நானே மாத்தி விடுறன். அவருக்குத் தெரியவே தெரியாது.”

இடத்தை வலமாக, வலத்தை இடமாக, கண்ணாடியில் தெரிவது போல மாற்றக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை போதும். ஆனால் வாசல் இருக்கும் பக்கமும் மாறிவிடும். அதற்காக அண்ணா பின்னணியைப் புதிதாகவே தீட்டினார். பவளக் கல் சுவர், நிலைக்கு மேல் அரபி எழுத்துப் பலகை, அதன் மேல் விழும் சாய்ந்த வெளிச்சம். எங்கள் கட்டடத்தின் எகிப்திய வாட்ச்மேனைக் கூட்டிவந்து எழுத்து சரியா என்று பார்க்கச் சொன்னார். அவ்வளவு பொறுமையாக அவர் வேறெதையும் தீட்டி நான் பார்த்ததில்லை.

கஃபீல் வரவேண்டிய நாள் வந்தது. அஸர் தொழுகை முடிந்து மாலையில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். முந்தைய வாரம் முழுக்க மூச்சுவிட நேரமில்லை. இணைத்து முடித்த படத்தை டேப்பில் ஏற்றி, காலையில் எல்லாருமாக உட்கார்ந்து முதன்முறையாக முழுதும் பார்த்தோம். கிழவர் முன்னால் ஒரு ஸ்டூலில். அண்ணா சுவரோரம் நின்றார், உட்கார முடியவில்லை என்று.

படகு வந்தது. தலைவன் நடந்து வந்தான். தகப்பன் எழுந்தான். வலக்கையில் கெண்டி, இடக்கையில் கோப்பை. காப்பி விழுந்தது. கோப்பை நீண்டது.

கிழவரின் முதுகு நிமிர்ந்தது. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதில் ஏதோ ஒன்று பூட்டிக்கொண்டது.

படம் முடிந்ததும் திரும்பாமலே கேட்டார், “யார் மாற்றியது?”

“நான் சேர்” என்றார் அண்ணா.

கிழவர் எழுந்தார். மூலையில் எங்கள் டீ ஃபிளாஸ்க்கும் காகிதக் கப்புகளும் இருந்தன. ஃபிளாஸ்க்கை எடுத்து அண்ணாவிடம் கொடுத்தார். ஒரு கப்பையும் கொடுத்தார். தான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். “கொடு” என்றார்.

அண்ணா என்னைப் பார்த்தார். பிறகு வலக்கையால் ஃபிளாஸ்க்கைச் சாய்த்து, இடக்கையில் இருந்த கப்பில் ஊற்றினார். ஊற்றி முடித்து, கப்பை வலக்கைக்கு மாற்றுவதற்காக ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கக் குனிந்தார்.

“வைக்கக்கூடாது” என்றார் கிழவர். “அடுத்த ஆள் இருக்கிறார். அதற்கடுத்த ஆள் இருக்கிறார். கெண்டி கீழே வைப்பதில்லை. கொடு.”

அண்ணா அப்படியே நின்றார். வலக்கையில் ஃபிளாஸ்க். இடக்கையில் கப். கீழே வைக்காமல் கொடுப்பதென்றால் இடக்கையைத்தான் நீட்ட வேண்டும். அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக ஃபிளாஸ்க்கை இடக்கைக்கும் கப்பை வலக்கைக்கும் மாற்றினார். டீ கொஞ்சம் சிந்தியது. வலக்கையை நீட்டினார்.

“ஆம்” என்றார் கிழவர். வாங்கி ஒரு வாய் குடித்தார்.

இந்த ஊரில் காப்பி அப்படித்தான் கொடுப்பார்களாம். கெண்டி இடக்கையில், கோப்பை வலக்கையில். வாங்குகிறவனிடம் வலக்கை நீள வேண்டும். அதற்காகத்தான் ஊற்றும் வேலை இடக்கைக்கு. கஃபீலின் வீட்டு மஜ்லிஸில், விருந்தாளிகள் உட்காரும் அந்தக் கூடத்தில், வந்த முதல் வாரமே கிழவருக்கு அப்படிக் கொடுத்திருந்தார்கள். அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் படத்தில் அந்தத் தகப்பன், மகனைக் கடலில் விட்டுவந்தவனுக்கு இடக்கையால் கோப்பையை நீட்டினான். மன்னிப்பதற்குப் பதில் முகத்தில் காறித் துப்பியது போல.

அண்ணா ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தார்.

“பத்துப் பன்ரண்டு வருசமா இஞ்ச இருக்கிறன் தங்கச்சி. ஒரு வீட்டுக்குள்ள இருத்தி ஒருத்தரும் எனக்கு ஒரு கோப்பி தந்ததில்லை. எனக்கு எப்பிடித் தெரியும்?”

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நானும் அந்த ஊரில் குடித்ததெல்லாம் காகிதக் கப்பில் கடை டீதான்.

மேசையில் அவர் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. கொழும்பு நம்பர். எடுக்கவில்லை.

“திருப்பி மாத்தி விடுறன் சேர், ஒரு நிமிசம்” என்று கம்ப்யூட்டருக்கு ஓடினார். ஓடியவர் பாதியில் நின்றுவிட்டார். மறுபடி மாற்றினால் சுவரிலிருக்கும் அரபி எழுத்து இடம்வலம் மாறிக் கண்ணாடி எழுத்தாகிவிடும். அது குர்ஆன் வாசகம். இடக்கையாவது அவமரியாதை, இது என்னவென்று சொல்வது? ஆட்களை மட்டும் மாற்றினால் தகப்பன் வாசலை விட்டு விலகி, சுவருக்குள் புதைந்து நிற்பான். பழைய பின்னணியை அண்ணா அழித்துவிட்டிருந்தார். இடம் அடைக்கிறது என்று.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு கேட்டது. அடுத்த பாங்கு அஸர்தான்.

அண்ணா முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி போனார், மறுபடி கழுவிக்கொண்டு வந்தார். “என்ர கையால நானே” என்றார், வாக்கியம் முடியவில்லை. பிலிப்பைன்ஸ் பெண்களில் ஒருத்தி அவர் தோளில் கை வைத்தாள்; அவர் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

கிழவர் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். யாரையும் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, இடக்கையால், ஒரே ஒரு படம் வரைந்தார். ஆட்கள் இல்லை, வாசல் இல்லை, சுவர் இல்லை. சட்டம் முழுக்க ஒரு வலக்கையும் அதில் ஒரு கோப்பையும், மேலே ஓரத்தில் கெண்டியின் மூக்கும், அதைப் பிடித்த இடக்கையின் விரல் நுனிகளும். அசைய வேண்டியது காப்பி மட்டும். விழுகிற அந்தத் தாரைக்கு இன்னும் இரண்டு மூன்று சின்னப் படங்கள். அவையே சுற்றிச் சுற்றி வந்தால் போதும்.

“சிக்கனமான வழி” என்றார் என்னிடம். வரைந்த தாளை நீட்டினார்.

நான் கோடு போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெல்லக் கோடு போட்டதில்லை, அவ்வளவு அவசரமாகவும் போட்டதில்லை. கட்டைவிரல் நகத்தின் பிறையைக்கூட விடவில்லை. வியர்வை தாளில் விழாமல் இருக்க, ஏசி அறையில், கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். முடிக்க முடிக்க அண்ணா பிடுங்கிக்கொண்டு போனார், ஏற்றினார், வண்ணம் கொடுத்தார். “தங்கச்சி, கெதியா.” “இதோண்ணா.” “கெதியா.” கம்ப்யூட்டர் தன் வேகத்துக்குத்தான் வேலை செய்தது. திரையில் நீலக் கோடு ஒன்று நிறைந்துகொண்டு போனது, நடுவில் நின்றது, மறுபடி நகர்ந்தது.

பழைய காட்சி போய்ப் புதியது உட்கார்ந்தது. அஸர் பாங்கு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. டேப்பில் பதிவாகி முடியும் தறுவாயில் கீழே காலணிச் சத்தம் கேட்டது.

கஃபீல் வந்தார். வெள்ளை கந்தூரா அங்கி, கையில் ஜபமாலை, ஊத் அத்தர் வாசனை. “உஸ்தாத்” என்று கிழவரின் கையைப் பற்றிக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். எங்கள் எல்லாரையும் பார்த்துத் தலையசைத்தார். உட்கார்ந்தார். அண்ணா பக்கத்து அறையில் டேப் இயந்திரத்தோடு நின்றார். அங்கிருந்து அவருக்குப் படத்தின் சத்தம் மட்டும் கேட்கும், ஆட்கள் தெரியாது. நான் டீ தட்டோடு வாசலில் நின்றேன்.

முதல் பத்து நிமிடம் கஃபீல் கண்ணெடுக்கவில்லை. ஜபமாலை நின்றிருந்தது. படகு கிளம்பும் இடத்தில் அவர் உதடுகள் கடல்பாட்டோடு அசைந்தன. கிழவர் படத்தைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார்.

தலைவன் மணலில் நடந்து வந்தான். வாசலில் நின்றான்.

கஃபீலின் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். “ஒரு நிமிஷம், உஸ்தாத்” என்று எழுந்து, என் தட்டைத் தாண்டி, காரிடாருக்குப் போய்விட்டார். அங்கே சிரித்துப் பேசும் குரல் கேட்டது.

திரையில் கை தோன்றியது. கோப்பை. காப்பி விழுந்தது. வலக்கை நீண்டிருந்தது, காலியாக இருந்த நாற்காலிக்கு.

நிறுத்தச் சொல்லுங்கள் என்று கிழவரைப் பார்த்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார், வேண்டாம் என்பது போல. படம் முடிந்தது. கஃபீல் திரும்பி வந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. “ஜமீல், ஜமீல். அழகு, உஸ்தாத்” என்றார். டேப்பை வாங்கிக்கொண்டார். “இன்ஷா அல்லா” என்றார். படியிறங்கிப் போனார்.

அண்ணா பக்கத்து அறையிலிருந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

“சேர். அந்த இடத்தில? அவர் முகம் எப்பிடி?”

கிழவர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஒரு நொடி. “பார்த்தார்” என்றார். “நன்றாகப் பார்த்தார். பிடித்தது.”

அண்ணா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஃபோனை எடுத்துக் கொழும்புக்குப் போட்டார். “ஓம் பிள்ளை, அப்பாதான். எல்லாம் நல்லாப் போச்சு. அம்மாட்டக் குடு.” நான் தட்டை வைக்கும் சாக்கில் அங்கிருந்து நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. படியில் காலடி கேட்டால் எல்லாத் தாளும் நிற்கும். கூரியர்காரனாக இருப்பான். அண்ணா மகளுக்கென்று கராமாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டு வந்தார். சீருடை என்ன நிறம் என்றுகூடக் கேட்டிருந்தார்.

கஃபீல் ஒரு காலையில் தானே வந்தார். அண்ணா அன்று தூதரகத்துக்குப் போயிருந்தார், பாஸ்போர்ட் விஷயமாக. இங்கிலீஷ் புரியாமல் போனால் சொல்ல வேண்டும் என்று கிழவர் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கஃபீல் சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். டிவிக்காரர்கள் இப்போது எல்லாவற்றையும் த்ரீ-டி-யில் கேட்கிறார்கள். கையால் வரைந்தது பழையதாகத் தெரிகிறதாம். அவர்கள் படத்தைப் பத்து நிமிடம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை என்று அவரே வருத்தப்பட்டார். வாடகையை மேலும் கட்ட முடியாது. எல்லாருக்கும் டிக்கெட் அவர் பொறுப்பு. “என்னை மன்னியுங்கள், உஸ்தாத்.” கிழவர் எழுந்து, குனிந்து, வணங்கினார்.

மதியம் வந்த அண்ணாவிடம் நான்தான் சொன்னேன். டிவிக்காரர்கள் சொன்னது, த்ரீ-டி, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“த்ரீ-டி எண்டது மரியாதைக்குச் சொல்லுற கதை தங்கச்சி. இந்த ஆக்கள் முகத்துக்கு நேரே சொல்லாயினம். அந்த இடம் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரித்தானே நிண்டது. படம் முழுக்க ஒரு மாதிரி, அது மட்டும் ஒரு மாதிரி. நான் திருப்பாமல் விட்டிருந்தால்...”

“இல்லண்ணா.”

“கிழவர் வரைஞ்ச மாதிரியே விட்டிருந்தால், அந்த மனிசன் பாத்தோடன உருகியிருப்பார்.”

கிழவரும் அவரிடம் சொன்னார், உன்னால் இல்லை என்று. “தாங்க் யூ சேர்” என்றார் அண்ணா, ஒரு விடுமுறைச் சீட்டுக்கு நன்றி சொல்வது போல. கிழவர் சில நாளில் தன் நாட்டுக்குப் போய்விட்டார். ஒரு தோள்பையும் பென்சில் பெட்டியும்தான்.

அண்ணா தனக்குக் கிடைத்த ஒரு மாத அவகாசத்தை ஓடி ஓடித் தீர்த்தார். சவூதியில், அல் கோபாரில் தெரிந்தவர் ஒருவர் விசா பார்க்கிறேன் என்றார், பிறகு ஃபோனை எடுக்கவில்லை. சத்வாவில் பெயர்ப்பலகை எழுதும் கடை, தேராவில் விளம்பரக் கம்பெனி. வேலை இருந்தது, விசா இல்லை, மாஃபி, மாஃபி. கடைசியில் கஃபீல் கொடுத்த டிக்கெட்டில் கொழும்புக்கு நாள் குறித்தார்கள். நான் சோஹாருக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிவைத்து, அவரை வழியனுப்ப டாக்ஸியில் கூடப் போனேன். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வீட்டு வாசலில் வெள்ளுடையில் நின்ற ஒரு பெரியவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். உள்ளே பயணிகள் மட்டும்தான் போக முடியும். கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குளிர்காற்று எங்கள் காலில் பட்டுப் போனது. கிழவர் போய்விட்டார், இனி அவர் சொல்லை நான் காப்பாற்ற வேண்டியதில்லை என்று தோன்றியது. இந்த மனிதர் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன். நான் அன்னைக்கு வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். அந்த எடம் வந்தப்ப கஃபீல் ரூம்லயே இல்ல. ஃபோன் வந்துச்சு, எழுந்து காரிடாருக்குப் போயிட்டாரு. அவரு அந்தக் கைய பாக்கவே இல்லண்ணா. டிவிக்காரங்களும் அவ்ளோ தூரம் ஓட்டிப் பாக்கல. ஒட்டுப் போட்டது யாருக்குமே தெரியாது.”

அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

“கிழவர் என்ர முகத்துக்கு நேரே சொன்னவர் தங்கச்சி, அவர் பாத்தவர் எண்டு. அந்த மனிசன் என்னட்டப் பொய் சொல்லுவாரே?”

“உங்களுக்காகத்தான் சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“கடைசி நேரத்தில ஆறுதல் சொல்லுறியள்.”

“சத்தியமாண்ணா. என் வீட்டுக்காரர் மேல சத்தியம்.”

பின்னாலிருந்து யாரோ வண்டியைத் தள்ளச் சொன்னார்கள், யல்லா, யல்லா என்று. அவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். மற்றக் கையை என் தலையில் லேசாக வைத்து எடுத்தார். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

“சரி, தங்கச்சி. அவர் பாக்கேல்லை. போட்டு வாறன்.”